வார் மட்டும் தெரிந்த குதிரை

சங்குவிளையில் கருக்கல் என்ற குதிரை கண்ணுக்குத் தெரியாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அது கொள்ளு தின்றுகொண்டிருந்த நேரத்தில், அதன் மார்புப்பட்டையின் உள்பக்கத்தை வெயிலுகந்தாள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது. வாளியில் கொள்ளு குறைந்துகொண்டே வந்தது, மெல்லுகிற சத்தம் கேட்டது, ஈயை விரட்டுகிற வால் எழுப்பிய காற்று அவள் கன்னத்தில் பட்டது, ஆனால் குதிரை நின்ற இடத்தில் பின்னால் இருந்த ஓலைத்தட்டியும் தட்டியில் சொருகியிருந்த அரிவாளும்தான் தெரிந்தன. துணியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். கழுத்து இருந்தது, சூடாக இருந்தது, பிடரி மயிரில் நேற்றுச் சிக்கிய நெருஞ்சிமுள்கூட இருந்தது. முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, "சரி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று சொல்லி மார்புப்பட்டையை மாட்டினாள். பட்டை அந்தரத்தில் நின்றது. முதுகுச்சேணத்தை வைத்தாள், அதுவும் நின்றது. வயிற்றுவாரை இழுத்து, வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, பக்கிளைப் போட்டாள். வால்வார், தலைவார், கடிவாளம், லகான் என்று ஒவ்வொன்றாக ஏற ஏற, கோலம் போடுகிறவள் புள்ளிகளைச் சேர்ப்பதுபோல, வெறும் தோல்வாரால் ஆன ஒரு குதிரை முற்றத்தில் எழுந்து நின்று காலால் தரையைத் தட்டியது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வண்டி ஓட்ட ஆரம்பிப்பதற்கு முன் அவள் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள். ஜட்கா வண்டிக்காரி ஆனதற்குக் காரணமே இந்தக் குதிரைதான். ஊரில் பந்தயக் குதிரைகள் வைத்திருந்தவர் சொர்ணப்பாண்டி. அவருடைய லாயத்தில் கருக்கல் இருந்த காலத்தில் அதன் தோளில் பட்டை உரசி உரசிப் புண்ணாகி, ஆறாத புண்ணின் மேலேயே மறுபடியும் பட்டை ஏறி, கடைசியில் ஒருநாள் அது இழுக்க மறுத்து நடுரோட்டில் நின்றுவிட்டது. சோம்பேறிக் குதிரை என்று சொல்லி உப்பளத்து ரோட்டில் அவிழ்த்துவிட்டார்கள். உப்புக்காற்று புண்ணில் பட்டு அது துடித்துக்கொண்டு நின்றதை வெயிலுகந்தாள் பார்த்தாள், தலையில் இருந்த உப்புக் கூடையைக் கீழே இறக்கினாள், அதன் பிடரியைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தாள், அந்தக் கூடையை எடுக்க அவள் திரும்பிப் போகவேயில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்து வைத்து, மழைக்காலம் முடிந்தபோது புண் ஆறிவிட்டது.

அவள் புருஷன் ஆவுடையப்பன் பஸ் சீட்டுகளுக்கு ரெக்சின் தைக்கிறவர். பாம்புக்கும் கடலுக்கும் பயப்படாத மனிதர், குதிரை தலையைத் திருப்பிப் பார்த்தால் மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆனாலும் பெண்டாட்டிக்காக நல்ல தோலாகப் பார்த்து வாங்கிவந்து, மெழுகு தேய்த்த நூலால் இரட்டைத் தையல் போட்டு, தலைவாரிலிருந்து வால்வார்வரை முழுவதையும் அவர்தான் தைத்துக் கொடுத்தார். அளவெடுக்கக் கிட்டப் போகவில்லை. அவள் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து கொண்டுவந்து கொடுக்க, அவர் கதவிடுக்கு வழியாக வாங்கிக்கொண்டார்.

அந்த வார்களை வெயிலுகந்தாள் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து உப்பளத் தெருப் பெண்கள் ஆரம்பத்தில் சிரிக்கத்தான் செய்தார்கள், ஏனென்றால் அவள் ஒவ்வொரு சவாரி முடிந்ததும் வியர்வை காய்வதற்குள் வார்களைத் துடைத்தாள், வியர்வையின் உப்பு தோலைத் தின்றுவிடும் என்பது உப்பளத்தில் வேலை பார்த்த அவளுக்குத் தெரியாததா என்ன, வெயிலில் போட்டால் தோல் வெடித்துவிடும் என்று நிழலில் உலர்த்தினாள், ஆணியில் மாட்டினால் மடிந்து கீறல் விழும் என்று உருண்டையான பனங்கட்டையைச் சுவரில் பதித்து அதில் தொங்கவிட்டாள், விளக்கெண்ணெயையும் தேன்மெழுகையும் சேர்த்துக் காய்ச்சி, மேல்பக்கத்தைவிட உள்பக்கத்துக்கே அதிகமாக விரலால் தேய்த்து ஊறவிட்டாள், பித்தளைப் பக்கிள்களைப் புளி வைத்து விளக்கினாள், பிறகு ஒவ்வொரு தையலையும் வளைத்துப் பார்த்து நூல் எங்கேயாவது பல்லைக் காட்டுகிறதா என்று தேடினாள்.

குதிரை மறைந்த அன்று, சேணம் மட்டும் வண்டியை இழுத்துக்கொண்டு தெருவில் வந்தபோது, டீக்கடை செபஸ்தியம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏ வெயிலு, குதிரையை எங்கட்டி விட்ட?"

"இங்கதான்க்கா நிக்கி."

செபஸ்தியம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "அப்படியா. மூக்குவார் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு பாரு."

வெயிலுகந்தாள் இறங்கிப் பார்த்தாள். சாய்ந்துதான் இருந்தது. இத்தனை நாளும் குதிரையின் முகம் அழகாக இருந்ததால் அதன் மேல் இருந்த வாரை யாரும் பார்க்கவில்லை, அவளே பார்க்கவில்லை. சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறினாள்.

அன்றிலிருந்து சங்குவிளைக்காரர்கள் எல்லோருமே வார் பார்க்கத் தொடங்கினார்கள். பார்ப்பதற்கு வேறு என்ன இருந்தது? பிள்ளைகளை வண்டியில் அனுப்புகிற தாய்மார்கள் முதல் இரண்டு நாள் முகத்தைச் சுளித்தார்கள், மூன்றாம் நாள் வாசலில் நின்று இழுவாரைத் தொட்டுப் பார்த்தார்கள். குதிரையின் இரண்டு பக்கமும் ஓடி வண்டியை இழுக்கிற அந்த வாரில்தான் தங்கள் பிள்ளைகளின் பாரம் முழுவதும் நிற்கிறது என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பின் தொடாமல் யாரும் பிள்ளையை ஏற்றவில்லை. தையல்கடைக்காரர் போகிற போக்கில் தையலைப் பார்த்து, "சேணத்துகிட்ட ஒரு கண்ணி தளர்ந்திருக்கு" என்பார். பாத்திரக்கடைக்காரர் பக்கிளின் நாக்கு தேய்ந்திருக்கிறது என்று வேறு பித்தளை நாக்கு கொண்டுவந்து மாட்டினார். துவாரம் ஒன்று நீண்டுவிட்டதை இட்லிக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, சாம்பார் கையோடு ஓடிவந்தார். லாரிக்காரர்கள் எதிரே சேணம் மட்டும் வருவதைக் கண்டு முதலில் பிரேக் போட்டார்கள், பிறகு ஆரன் அடித்தார்கள், பிறகு பழகிப்போய்க் கையை ஆட்டினார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து, குதிரையைக் காட்டச் சொல்லி யோசித்து, கடைசியில் மார்புப்பட்டையில் ஒரு சிவப்புத் துணி கட்டச் சொல்லிவிட்டுப் போனார். உண்ணிக்கொக்கு மட்டும் எப்போதும்போல வந்து, அந்தரத்தில், குதிரை முதுகு இருக்க வேண்டிய உயரத்தில் உட்கார்ந்து பயணம் செய்தது.

வெயிலுகந்தாளுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. குதிரைக்குக் காயம் பட்டால் இனிக் கண்ணால் தெரியாது. அதனால் சாயங்காலம் தோறும் தலையிலிருந்து குளம்புவரை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள், பிறகு சேணத்தின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். எந்த இடத்தில் வியர்வைக் கறை கறுத்திருக்கிறதோ அங்கே இறுக்கம், எந்த இடத்தில் மெத்தை அமுங்கியிருக்கிறதோ அங்கே பாரம், எந்த இடத்தில் மயிர் ஒட்டியிருப்பதாகக் கைக்குத் தட்டுப்படுகிறதோ அங்கே உரசல். இறுக்கத்தைத் தளர்த்தி, அமுங்கிய இடத்தில் பஞ்சு வைத்து, உரசிய இடத்தில் மெல்லிய தோலை ஒட்டி, குதிரை இப்போதுதான் தனக்குச் சரியாகத் தெரிகிறது என்று அவள் ஆவுடையப்பனிடம் சொன்னாள்.

ஆவுடையப்பனுக்கும் ஒரு நன்மை நடந்தது. குதிரையின் கண் தெரியாததால் அவருக்குப் பயம் விட்டுப்போயிற்று. ஒருநாள் வாரைத் தைக்க முற்றத்துக்கு வந்தவர், கழுத்தில் கையை வைத்தபடியே நின்று, "இவ்வளவு மெதுவா இருக்கும்னு தெரியாமப்போச்சே வெயிலு" என்றார். பிறகு காலையில் கொள்ளு வைப்பது அவர் வேலையாகிவிட்டது.

வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறிவந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தபோதுதான் சொர்ணப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. திருவிழாவுக்குப் பந்தல் போடுவார், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார், ஆனால் எது மினுங்குகிறதோ அதுதான் நல்லது என்று நம்புகிறவர். பந்தயத்துக்கு முந்தின நாள் அவருடைய வார்களுக்கு வார்னிஷ் அடிப்பார்கள், ஜிகினா குஞ்சம் கட்டுவார்கள், சலங்கை தொங்கவிடுவார்கள், உள்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. ஒருநாள் காலை டீக்கடை முன்னால் வண்டியை மறித்து நின்றார்.

"வெயிலு, இது என் குதிரை."

"நீங்க அவுத்துவிட்டது அண்ணாச்சி."

"மேயத்தான் அவுத்துவிட்டேன். கொடுத்தேன்னு யாரையாவது சொல்லச் சொல்லு பாப்போம்." அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியாத குதிரை யாருக்குச் சொந்தம்னு கண்ணுள்ளவன் எவனும் சொல்ல முடியாதுல்லா. அப்ப முன்னால யாருகிட்ட இருந்துச்சோ அவனுக்குத்தானே?"

ஊர் யோசித்தது. அதில் ஏதோ நியாயம் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருந்தது. அவர் கையை நீட்டிக் குதிரையின் முகத்தைத் தொடப் போனார். மூக்குவார் சட்டென்று பின்வாங்கியது, கை காற்றைப் பிடித்தது, பள்ளிப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஐப்பசித் திருவிழாப் பந்தயத்துல ஓட்டு. என் பால்ராசாவை நீ முந்திட்டா இதை நான் மறந்திருதேன். முந்தலேன்னா என் லாயத்துக்கு வந்திரணும்."

எல்லோரும் அவள் மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தார்கள். பால்ராசா அந்தப் பக்கத்துப் பந்தயங்களில் தோற்றதே இல்லை, பால்வெள்ளைக் குதிரை, காற்றைப்போல ஓடும். ஆனால் வெயிலுகந்தாளுக்கு, உப்பளத்து ரோட்டில் துடித்துக்கொண்டு நின்ற குதிரையும் அதன் தோளில் ஈ மொய்த்ததும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்துவிட்டன.

"சரி அண்ணாச்சி. நான் செயிச்சா?"

"என்ன வேணும்னு நீயே சொல்லு."

"உங்க லாயத்துல இருக்கிற வார் எல்லாத்தையும் தெருவுல கொண்டாந்து விரிக்கணும். உள்பக்கம் மேல தெரியிற மாதிரி."

சொர்ணப்பாண்டிக்கு அது ஒரு பந்தயமாகவே படவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

வீட்டில் ஆவுடையப்பன் சாப்பிடவில்லை. "தோத்துட்டா பிள்ளைகளை நீ எதுல கூட்டிட்டுப் போவ? நீ எப்படி இருப்ப?" என்று கேட்டார். அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "பின்சாரதியா யாரு வாறா?" என்றாள். பந்தய வண்டியில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்க வேண்டும். எல்லையில் குதித்து ஓடி, குதிரையின் தலைக்கு முன்னால் போய்க் கொடியைப் பிடுங்குவது அவர்தான். ஆவுடையப்பன் சோற்றைப் பிசைந்தபடியே, "நான்தான் வரணும்" என்றார்.

விழாக் கமிட்டியில் இரண்டு மூன்று நாள் சண்டை நடந்தது. இல்லாத குதிரையை எப்படிப் பந்தயத்தில் சேர்ப்பது என்றார் ஒருவர். இல்லாத குதிரை இல்லை, தெரியாத குதிரை என்றார் மற்றொருவர். எல்லைக்கோட்டை எதன் மூக்கு முதலில் தொட்டது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்விக்குத்தான் விடை தெரியாமல் தவித்தார்கள். அப்போது டீ கொடுக்க வந்த செபஸ்தியம்மாள், "மூக்குவார் இருக்குல்லா, அதைப் பாருங்க. அதைவிடப் பளிச்சுன்னு இந்த ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அது சட்டமாகிவிட்டது.

பந்தயத்துக்கு முந்தின வாரம் முழுக்க உப்பளத் தெருவில் யாரும் சும்மா இருக்கவில்லை. வெயிலுகந்தாள் வார்களைப் பக்கிள் பக்கிளாகப் பிரித்து முற்றத்தில் பாயில் பரப்பினாள். துவைகல்லில் உட்கார்ந்து சிலர் சோப்பு நுரையைக் குறைவாக எடுத்து அழுக்கைத் துடைத்தார்கள், சிலர் எண்ணெய் காய்ச்சினார்கள், பாத்திரக்கடைக்காரர் பித்தளையைப் பார்த்துக்கொண்டார், தையல்கடைக்காரரும் ஆவுடையப்பனும் எதிரெதிரே உட்கார்ந்து சந்தேகப்பட்ட தையலை எல்லாம் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள். மழைமாதம் என்பதால் வெயிலுகந்தாள் மெழுகை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சேர்த்து, தோல் இனிமேல் குடிக்காது என்கிற அளவுக்குத் தேய்த்தாள். எல்லாம் முடிந்து மாட்டியபோது, வார்கள் ஒன்றையொன்று உரசுகிற சத்தம்கூட வரவில்லை.

பந்தயம் அம்மன் கோயில் வளைவில் ஆரம்பித்து, கடற்கரை ரோட்டில் கலங்கரை விளக்குவரை போய், அங்கே நட்டிருக்கும் பீப்பாயைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். விடிந்ததும் ஊர் இரண்டு பக்கமும் கூடிவிட்டது. வண்டிகள் வரிசையில் நின்றன, சலங்கையும் ஜிகினாவுமாகப் பால்ராசா நடுவில் நின்றது, அதன் லகானைச் சொர்ணப்பாண்டியே பிடித்திருந்தார், பால்ராசாவின் பக்கத்தில் வெறும் வாரும் சிவப்புத் துணியுமாகக் கருக்கல். வானம் இருண்டிருந்தது. துண்டு வீசப்பட்டது.

பால்ராசா அம்புபோலப் போயிற்று. கலங்கரை விளக்கு வரும்வரை அதன் வண்டிச் சக்கரம் எழுப்பிய மணலைத்தான் வெயிலுகந்தாள் தின்றுகொண்டு போனாள். மற்ற வண்டிகள் பின்தங்கிவிட்டன. பீப்பாயைச் சுற்றும்போது தூரம் இன்னும் கூடிவிட்டது. பின்னால் நின்ற ஆவுடையப்பன் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அழுதாள். சாட்டை எடுக்கவில்லை, லகானை உதறவும் இல்லை. அடித்து வாங்க மிச்சம் எதுவும் இல்லை, கருக்கல் தன்னிடம் இருந்ததை எல்லாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்போது கடலிலிருந்து மழை வந்தது.

சுவர் நடந்து வருவதுபோல வந்து அடித்தது. ரோடு மறைந்தது, கடல் மறைந்தது, பிறகு வழி நெடுகக் குடைகூட விரிக்காமல் நின்றிருந்த சங்குவிளை ஜனங்களின் வாயிலிருந்து ஒரே நேரத்தில் ஒரு சத்தம் எழுந்தது, ஏனென்றால் மழையில் குதிரை தெரிந்தது. ஒவ்வொரு துளியும் அதன் மேல் விழுந்து வழிந்து அதை வரைந்தது, நெற்றியை வரைந்தது, கழுத்தின் வளைவை வரைந்தது, தோளில் உருளுகிற தசையை வரைந்தது, நான்கு கால்களும் தண்ணீரால் ஆனவையாக நீண்டு நீண்டு மடங்கின, பிடரி மயிர் அருவிபோலப் பின்னால் பறந்தது, அந்த மழைக்குதிரையின் மேல் கறுத்த வார்கள் ஒரு சுருக்கம் இல்லாமல், ஓர் இழை நகராமல், உடம்போடு பிறந்தவைபோலப் படிந்திருந்தன, தண்ணீர் அவற்றில் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

ஆவுடையப்பனும் அதைப் பார்த்தார். இவ்வளவு பெரிய மிருகத்தின் கழுத்தையா தினமும் காலையில் கட்டிக்கொண்டு நின்றேன் என்று நினைத்தார். பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

"வெயிலு, எனக்குத் தெரியுது. எல்லாம் தெரியுது!"

"கண்ணை மூடிக்கோங்க! நான் சொல்லும்போது குதிங்க!"

முன்னால் போய்க்கொண்டிருந்த பால்ராசாவுக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வார்னிஷுக்கு அடியில் வறண்டு கிடந்த தோல் மழையைத் துணிபோலக் குடித்தது, குடித்துக் குடித்து நீண்டது. ஓர் இழுவார் ஓர் அளவும் மற்றது இன்னொரு அளவுமாகத் தொய்ந்தன, வண்டி கோணலாக இழுபட்டது, வயிற்றுவார் தளர்ந்து வண்டியின் ஏர்க்கால்கள் மேலே தூக்க ஆரம்பித்தன, மார்புப்பட்டை கீழே இறங்கிக் குதிரையின் முழங்காலைத் தட்டியது. மிரண்ட குதிரை ரோட்டோரத்தில் நின்ற கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது. சொர்ணப்பாண்டி சாட்டையை ஓங்கினார்.

வெயிலுகந்தாள் அவரை ஒட்டி வந்துவிட்டிருந்தாள். "அண்ணாச்சி, அடிக்காதீய! அதுமேல தப்பில்ல! லகானை ஒரே சீரா இழுத்து நிறுத்துங்க, வண்டி குடை சாயப்போவுது!"

அவர் திரும்பி அவளைப் பார்க்கவில்லை, அவள் பக்கத்தில் ஓடிய மழைக்குதிரையைப் பார்த்தார். அதன் தோளில், பழைய புண் இருந்த இடத்தில், மழை வேறு விதமாக வழிந்துகொண்டிருந்தது. அங்கே மட்டும் ஒரு கையகலத்துக்கு மயிர் சுழித்திருந்தது. ஓங்கிய சாட்டையைக் கீழே போட்டார். இரண்டு கையாலும் லகானைப் பிடித்து, "ஓ ராசா, ஓ ராசா" என்று சொல்லிச் சொல்லி, கூட்டத்துக்கு ஓரடி முன்னால் வண்டியை நிறுத்தினார்.

கருக்கல் கடந்துபோயிற்று. கோயில் வளைவு மழைக்குள்ளிருந்து எழுந்து வந்தது, கொடி தெரிந்தது.

"இப்பக் குதிங்க!"

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டுதான் குதித்தார். ஓடத் தொடங்கியபின் திறந்துவிட்டார். அவருடைய முகத்துக்குப் பக்கத்தில், மழையால் ஆன ஒரு பெரிய கண் அவரைப் பார்த்துக்கொண்டே கூடவே ஓடிவந்தது. கதவைச் சாத்திக்கொள்ள அங்கே வீடு இல்லை. "வா, வா, சேந்தே போவோம்" என்று அந்தக் கண்ணிடம் சொன்னார், பெருமழையில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை, குதிரையின் மூக்குவார் கோட்டைத் தொட அவருடைய கை கொடியைப் பிடுங்கியது.

சங்குவிளை போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் எல்லாம் மழையில் பறந்தன. ஆவுடையப்பனை யாரோ தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள், அவர் கொடியை ஆட்டிக்கொண்டே குதிரையைக் கட்டிக்கொள்ள வேண்டும், கீழே இறக்குங்கள் என்று அலறினார். வெயிலுகந்தாள் அங்கே இல்லை. கருக்கலின் லகானைத் தையல்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு மழையில் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள், ஏனென்றால் பால்ராசாவைச் சுற்றி நின்ற ஆண்கள் பதற்றத்தில் அதன் தலைவாரைக் கழற்றப் போவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள்.

"தலையில கை வைக்காதீய! வண்டியோட இருக்கும்போது தலைவாரை எடுத்தா குதிரையை யாராலயும் பிடிக்க முடியாது!"

கைகள் நின்றன. அவள் போய்க் குதிரையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சநேரம் நின்றாள். சொர்ணப்பாண்டியைக் கூப்பிட்டுத் தலைப்பக்கம் நிற்கவைத்தாள். பிறகு இழுவார்களை அவிழ்த்து, வயிற்றுவாரை அவிழ்த்து, வண்டியைப் பின்னால் தள்ளச் சொல்லி, குதிரை வண்டியைவிட்டு முழுசாக வெளியே வந்தபின் தலைவாரைத் தளர்த்தினாள். பட்டை இறங்கிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. சொர்ணப்பாண்டி அதைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ரத்தம் ஒட்டியது, மழை அதைக் கழுவியது, மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் வெயில் அடித்தது. சொன்ன சொல்லை அவர் மீறவில்லை. லாயத்தில் இருந்த வார்களை எல்லாம் தானே சுமந்துகொண்டுவந்து, டீக்கடை முன்னால் பாய்களை விரித்து, உள்பக்கம் மேலே தெரியும்படி பரப்பினார். பூஞ்சணம் பிடித்த வார், வியர்வை உப்பு பூத்த வார், எலி கடித்த வார், துரு தின்ற பக்கிள், ஆணி வைத்து முடுக்கிய ஒட்டு. பரப்பி முடித்துத் தலையைக் குனிந்து நின்றார். சிரிப்பதற்காக வந்திருந்த ஊர், பார்த்தது. வெயிலுகந்தாளும் அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். பார்த்தபின் அது அவளுக்கு இனிக்கவில்லை.

"செபஸ்தியக்கா, ஒரு பானை வெந்நீர் போடுங்க" என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்து ஒரு வாரை எடுத்தாள்.

ஆவுடையப்பன் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தையல்கடைக்காரர் உட்கார்ந்தார். பாத்திரக்கடைக்காரர் புளி வாங்கிவர ஆள் அனுப்பினார். உப்பளத் தெருப் பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள், போக்குவரத்துப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்தார், கடைசியில் சொர்ணப்பாண்டியும் வேட்டியை மடித்துக்கட்டி, எல்லோருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எப்பிடித் தாயி, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். சாயங்காலம்வரை தெரு முழுக்க எண்ணெய் வாசனை. பிழைக்காத வார்களை அவரே தூக்கிக் குப்பையில் போட்டார், பிழைத்தவற்றை ஆளுக்கொன்றாக நிழலில் பிடித்துக்கொண்டு நடந்து லாயத்தில் கொண்டுபோய் மாட்டினார்கள், அது சாமி ஊர்வலம் போலவே இருந்தது. அதன்பின் அவர் தினமும் காலையில் வார்களை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், குதிரைகளின் உடம்பைத் தடவிப் பார்த்தார், பால்ராசாவின் காயம் ஆறும்வரை எதையும் அதன் மேல் ஏற்றவில்லை.

தை பிறந்து சில நாள் கழித்து, காலையில், வெறுங்காலோடு அவர் உப்பளத் தெருவில் ஓடிவந்தார். மேல்சட்டை இல்லை, ஒரு கையில் எண்ணெய்த் துணி. ஏதோ துக்கம் என்று நினைத்துப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"வெயிலு! ஏ வெயிலு! தெரியல!"

அவள் முற்றத்திலிருந்து வெளியே வந்தாள். "என்ன அண்ணாச்சி தெரியல?"

"ஒண்ணுகூடத் தெரியல!" அவர் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். "பட்டையோட உள்பக்கத்தைத் தொடச்சிக்கிட்டே இருந்தேன், பால்ராசா தெரியல, செவலை தெரியல, குட்டிகூடத் தெரியல. வந்து பாரு!"

ஊர் அவர் பின்னால் ஓடியது. லாயத்தின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தொழுவம் தொழுவமாகக் காலியாக இருந்தது, ஒவ்வொரு காலி இடத்திலும் புல் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தது, மூச்சு விடுகிற சத்தமும் குளம்பு மாற்றுகிற சத்தமும் நாலு பக்கமும் கேட்டன. சொர்ணப்பாண்டி முதல் தொழுவத்தில் போய், ஒன்றுமே இல்லாத இடத்தில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து நின்றார். கன்னம் சாய்ந்தபடியே நின்றது.

"இருக்கு தாயி," என்றார். "எல்லாம் இருக்கு."

வெயிலுகந்தாள் சுவரில் வரிசையாகத் தொங்கிய வார்களைப் பார்த்தாள். அவை மினுங்கவில்லை, அடங்கிய ஒரு கறுப்பில், தொட்டால் விரல் பதியும் என்பதுபோல, உயிரோடு இருந்தன. முதல் மார்புப்பட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மாட்டுங்க அண்ணாச்சி. வெளிய கூட்டிட்டுப் போவோம், ஊர் பாக்கட்டும்."

அன்று காலை சங்குவிளையின் பெரிய தெருவில், ஒன்றன்பின் ஒன்றாக, குதிரைகள் இல்லாத சேணங்கள் தலையை உயர்த்தி நடந்து வந்தன, கடைசியில் குட்டியின் கழுத்தில் கட்டிய சின்ன வார் ஒன்று துள்ளித் துள்ளி ஓடியது, இரண்டு பக்கமும் நின்ற ஜனங்கள் பக்கிள் பக்கிளாகப் பார்த்துக் கைதட்டினார்கள்.